வீட்டுக்கு ஒரு பேர்

லோஜினிக்கு அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் முதலில் வந்தது ஆசை இல்லை, எரிச்சல். குவைத்திலிருந்து அம்மா அனுப்பிய பெட்டியில் சவர்க்காரம், பால்மா, கம்பளி, ஒரு பழைய மடிக்கணினி எல்லாவற்றுக்கும் அடியில் செங்கல் மாதிரி கனத்துக் கிடந்தது அது. இணையத்தளம் உருவாக்கக் கற்றுத்தரும் ஆங்கிலப் புத்தகம். அம்மா வேலை பார்க்கும் வீட்டு மகள் படித்து முடித்துக் குப்பையில் போட்டது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அட்டையில் கொம்பியூட்டர் படம் இருந்தது, மகளுக்கு உதவும் என்று எடுத்து வைத்துவிட்டார். பக்கங்களின் ஓரத்தில் எல்லாம் பென்சிலால் அரபு எழுத்து. அந்தப் பெண்ணுக்கும் லோஜினியின் வயதுதான். அவள் இந்த வரிகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனது தன் அம்மாவாகத்தான் இருக்கும் என்று நினைக்க நினைக்க லோஜினிக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. பெற்ற தாயை இன்னொருத்தி இத்தனை வருடம் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வராது?

அம்மா ஜீவராணி போனபோது லோஜினி ஆறாம் வகுப்பு. இரண்டே வருடம் என்று சொல்லித்தான் போனார். பிறகு கூரைக்குத் தகரம் என்று ஒரு இரண்டு வருடம், அப்பாவின் வைத்தியத்துக்கு என்று ஒரு இரண்டு வருடம். இடையில் வந்தாலும் விருந்தாளி மாதிரி வந்து, சட்டி பானை எது எங்கே இருக்கிறது என்று பழகுவதற்குள் திரும்பிப் போய்விடுவார். அப்பா சின்னராசா முந்தின வருடம் தவறிப்போனார். சாவு வீட்டுக்கு வர அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் முகத்தைப் பார்த்து அழுததோடு சரி.

கருமாதி முடிந்த கையோடு, தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றார். நல்ல மனிதர், வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேசினார்.

"வீட்டுக்கு ஒரு பேராச்சும் செக்ரோல்ல இருக்கணும் புள்ள. ஒங்கப்பா பேர வெட்டியாச்சு. நீ பதிஞ்சா காம்பரா ஒங்களுக்கு. இல்லாட்டி தொரை வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. நா என்னா செய்ய?"

உயர்தரம் படித்த பிள்ளை அடுத்த நாளே தோட்டத்து வேலையாள் பட்டியலான செக்ரோலில் பேர் பதிந்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து மலைக்குப் போனாள். தலவாக்கலைக்கு மேலே அந்தத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஓர் அறை; அது தோட்டத்தின் சொத்து. வேலை இருக்கும்வரை கதவு உனக்கு. வேலை போனால் கதவும் போகும். மழை பெய்தால் நனைவோம் என்பதுபோல அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விசயம்.

அம்மா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "நீ ஒரு ஆபிஸ் வேலைக்குப் போன அன்னிக்கு நா பெட்டியக் கட்டிருவேன் லோஜி. அப்புறம் இவுங்க தங்கத்துல சம்பளம் குடுத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்." சித்திரையில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் வேலை கிடைத்தால் அம்மா வருவார். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம். லோஜினி அந்தச் செங்கல் புத்தகத்தைத் திறந்தது இதற்காகத்தான்.

முன்பாதி சுகமாகவே போனது. பக்கத்துக்கு நிறம் பூசுவது, படம் ஒட்டுவது, பொத்தான் வைப்பது எல்லாம் கோலம் போடுகிற மாதிரி கைக்கு வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் தலவாக்கலை டவுனில் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய்ச் சந்தேகமும் கேட்டுக்கொள்வாள். நடுவில் ஓர் அத்தியாயம் வந்தது. கிளாஸ், ஒப்ஜெக்ட் என்று தொடங்கி அவளைப் படாத பாடு படுத்தியது. ஒரு பொருள் எப்படி இருக்கும், என்னென்ன செய்யும் என்று முதலில் மாதிரி எழுதி வைக்க வேண்டுமாம், அது கிளாஸ். அந்த மாதிரியை வைத்து எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளலாமாம், ஒவ்வொன்றும் ஓர் ஒப்ஜெக்ட். புத்தகம் கார் உதாரணம் சொன்னது. கார் வைத்திருக்கிறவர்களுக்குப் புரியும். மலையில் ஒரு நாள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது கீழே லயம் தெரிந்தது. எந்தக் காலத்து வெள்ளைக்காரனோ ஒரு தடவை வரைந்த படம், அதை வைத்து வரிசையாகக் கட்டிய காம்பராக்கள். படம் ஒன்றுதான். ஆனால் ஒரு காம்பராவில் கல்யாணம், அடுத்ததில் சண்டை, அதற்கடுத்ததில் கருவாட்டு வாசம். அட, இவ்வளவுதானா என்று கொழுந்துக் கூடையோடு நின்று சிரித்துவிட்டாள். பக்கத்து நிரையில் நின்ற சர்மிளா, "என்னாடி, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

தாய் கிளாஸில் இருப்பது பிள்ளைக் கிளாஸுக்குத் தானாக வந்துசேரும் என்ற பாடத்துக்கு அவளுக்கு உதாரணமே தேவைப்படவில்லை. சில விவரங்களை வெளியே யாரும் தொட முடியாதபடி பிரைவேட் என்று உள்ளே பூட்டி வைப்பதுதான் புத்தியில் ஏறவே இல்லை. ஏறாதுதானே. முதல் காம்பராவில் இருமினால் கடைசிக் காம்பராவிலிருந்து கொத்தமல்லித் தண்ணி வருகிற லயத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பிரைவேட் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? அதை மனப்பாடம்தான் செய்தாள்.

பயிற்சிக்காக அவள் தானாக எழுதிய முதல் கிளாஸின் பெயர் 'அம்மா'. அதற்கு ஒரு விவரம்: இருக்கும் இடம். ஒரு செயல்: வா. அந்தச் செயலைக் கூப்பிட்டால் இடம் மாற வேண்டும். முதலில் திரையில் குவைத் என்று வந்தது. 'வா' என்று கூப்பிட்டதும் தோட்டத்தின் பெயர் வந்தது. சரியாக வேலை செய்கிறது என்று முதல் தடவையிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் குவைத் மறைந்து தோட்டத்தின் பெயர் வந்தது. அடுப்படியில் அம்மாவின் வளையல் சத்தம் கேட்கும் ஒரு காலை நேரம் அவளுக்கு வேண்டும். உலகத்தில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

வேலை கிடைத்ததும் செய்ய வேண்டியதையும் அவள் போட்டு வைத்திருந்தாள். அம்மா வந்துவிடுவார், இரண்டு பேருமாகக் கொழும்பில் ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம், காம்பரா போனால் போகட்டும். எல்லாம் சரி. இதை அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாசி மாதம் பயிற்சி நிலையத்துக்குச் சொல்லியனுப்பி, கொழும்புக் கம்பனி ஒன்று ஆட்களைப் பரீட்சைக்குக் கூப்பிட்டது. லோஜினி வயிற்றுவலி என்று கண்டாக்கையாவிடம் சொல்லிவிட்டு ரயிலேறினாள். பரீட்சை எடுத்தவர் கஜேந்திரன், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். கேள்வி சின்னதுதான். ஒரு சிறிய ஊர், அதில் ஆட்கள், அவர்களுக்கு வேலை, இருக்க வீடு. இதற்குக் கிளாஸ்கள் எழுத வேண்டும். லோஜினி மடமடவென்று எழுதி ஓட்டியும் காட்டினாள். கஜேந்திரன் தலையாட்டிக்கொண்டே பார்த்துவந்தார். அவரே ஓர் ஆளின் வேலையை அழித்துப் பார்த்தபோதுதான் தலையாட்டம் நின்றது.

"இந்த ஆளுக்கு வீடு இருந்ததே. எங்க போச்சு?"

"வேலைக்குள்ள இருந்துச்சு சார். வேலை போனதும் அதுவும் போயிருச்சு."

"வீட்ட ஏன் வேலைக்குள்ள வச்சீங்க?"

லோஜினிக்குக் கேள்வியே விளங்கவில்லை. பின்னே எங்கே வைப்பது? "அது வேலையோட வர்றதுதானே சார். வேலைய விட்டா வீட்டயும் விடணும்தானே" என்றாள்.

கஜேந்திரன் சிரித்தார். எதிரே இருந்தவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "உங்கட இடத்தில அப்படியா?" என்று கேட்டார். அவள் கண்டாக்கையா இஸ்தோப்பில் வந்து நின்றதைச் சொன்னாள்.

"எனக்கு இது தெரியாது. ஆனா இது பிழை" என்றார்.

"எது சார் பிழை?"

"புரோகிராம்" என்றார் அவர். அவருக்குத் திருத்த அதிகாரம் இருந்தது அதற்கு மட்டும்தான். "வீடு தனியா நிக்கணும் தங்கச்சி. வேலை வரும், போகும். மாத்தி எழுதுங்க பார்ப்போம்."

அவள் வீட்டை வேலைக்குள்ளிருந்து பிடுங்கித் தனியாக வைத்தாள். சில வரிகள்தான். மறுபடி வேலையை அழித்தாள். வீடு நின்றது. இவ்வளவு சுலபமாகச் செய்யலாமா என்று அவளுக்குக் கோபம் கூட வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். வேலை கிடைத்துவிட்டது. வைகாசி பிறந்ததும் வந்து சேரச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். தோட்டத்தில் தண்ணீர்த்தாங்கிக்குப் பக்கத்து வளைவில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அங்கே நின்று லோஜினி சொன்னாள். அம்மா முதலில் முருகனைக் கூப்பிட்டார், அப்புறம் அழுதார், அப்புறம் கேட்டார்.

"அப்ப செக்ரோல்ல பேரு?"

"வெட்டிருவாங்க. போகட்டும்மா. நாம கொழும்புல ஒரு ரூம் எடுப்போம்."

"நா வர மாட்டேன்டி அதுக்கு." கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "இத்தன வருசம் அடுத்தவங்க வீட்டுல இருந்துட்டேன். திரும்பவும் யாரு வீட்டுலயோ வாடகைக்கா? இந்தக் காம்பராவ விட்டா நமக்குன்னு சொல்ல ஒரு கதவு கெடையாது. விட்டா திரும்பக் கெடைக்குமா?"

"அப்ப நா வேலைக்குப் போவலம்மா. நீங்க வாங்க, போதும்."

"அடி செருப்பால" என்றார் அம்மா. பிறகு குரல் தணிந்தது. "நா வந்து பேர் பதியிறேன். எனக்கென்னா வயசாயிருச்சு? கொழுந்து எடுக்கக் கை மறந்துருமா?"

அம்மா வருகிறார். லோஜினி போகிறாள். இதற்கா அத்தனை நாள் அந்தச் செங்கலோடு மல்லுக்கட்டினோம் என்று இருந்தது.

சொன்னபடியே அம்மா கையெழுத்துப் போடாமல் வந்து சேர்ந்தார். சில காலைகள் அவளுக்குக் கிடைத்தன. வளையல் சத்தத்துக்கு விழித்து, விழித்தது தெரியாமல் போர்வைக்குள் படுத்திருந்து கேட்டாள். அம்மா ரொட்டி சுட்டார். இவளுக்கு உறைப்பு எவ்வளவு பிடிக்கும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, கேட்டுத்தான் போட்டார். இருவரும் ஒருவருக்கொருவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். கூச்சம் தெளியத் தொடங்கியபோது அவளுடைய நாள் வந்துவிட்டது.

அம்மாவுக்கும் அன்றுதான் காலையில் பேர் கொடுத்து வேலைக்கு நிற்கும் முதல் பெரட்டு. லயத்தைவிட்டு இரண்டு பேரும் ஒன்றாகவே இறங்கினார்கள், ஒருத்தி பையோடு, ஒருத்தி கூடையோடு. பாதை பிரிகிற இடத்தில் லோஜினி நின்றுவிட்டாள். மேலே பெரட்டுக்களம், கீழே பஸ். எத்தனையோ நாள் நெஞ்சில் வைத்திருந்தது அப்போதுதான் வாய்க்கு வந்தது.

"நா இதெல்லாம் படிச்சதே ஒங்க கூட ஒரே வீட்டுல இருக்கத்தாம்மா. நீங்க எனக்காக வந்தீங்களா, காம்பராவுக்காக வந்தீங்களா?"

அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டே அவளைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று லோஜினி பயந்தாள். கோபித்துக்கொள்ளவில்லை.

"அங்க எனக்கு அழுக வர்ற நேரமெல்லாம் கண்ண மூடிக்குவேன் லோஜி. இந்தக் காம்பராவும் அதுக்குள்ள நீயும் தெரியும். அத வச்சுத்தான் காலத்த ஓட்டுனேன். இப்ப நீ போற. நீ கண்ண மூடுறப்ப உள்ள யாராச்சும் இருக்க வேணாமா?"

மேலே கங்காணியின் சத்தம் கேட்டது. பிந்தினால் அரைப்பேர்தான் போடுவார்கள், அரை நாள் கூலிதான் கிடைக்கும். மகளின் கன்னத்தை ஒரு தரம் தடவிவிட்டு அம்மா மலையைப் பார்த்து ஏறத் தொடங்கினார். லோஜினி நின்ற இடத்திலேயே நின்று, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். பஸ் வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.