வண்டிக் கயிறு

அந்தச் சித்திரையில் பூரணாங்குப்பத்தில் மீனைவிட வதந்தி மலிவாகக் கிடைத்தது. ரங்கூன் போய்விட்டது. கொழும்பில் குண்டு விழுந்தது. சென்னைப்பட்டணத்தில் பாதி சனம் மூட்டை கட்டிவிட்டது. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் உண்மை கையளவு வந்தால் பக்கிரி அதைக் கடலளவு ஆக்கிவிடுவான். கடலூர்ச் சந்தைக்குப் போய் வரும் ஒவ்வொரு முறையும் மடி நிறைய சேதியோடுதான் அவன் திரும்புவான்.

"ஜப்பான்காரன் ஒடம்பெல்லாம் எலை தழைய கட்டிக்கினு வருவானாம்பா. தூரத்துல பாத்தா தோப்பு மெதந்து வர்ற மாதிரி இருக்குமாம். கிட்ட வந்தப்புறம்தான் துப்பாக்கி தெரியுமாம்."

கேட்டவர்கள் கடலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். தோப்பு எதுவும் மிதக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு இரண்டு வீட்டில் உலை கொதிக்கவில்லை.

இந்தக் களேபரத்தில் செங்கமலத்துக்கு மட்டும் ஜப்பான்காரனைப் பற்றிய கவலையே இல்லை. அவள் கவலை மணவாளனைப் பற்றியது. கோலா மீனுக்குப் போன புருசன். கூடவே கொழுந்தன் தங்கவேலும், பக்கத்துக் குப்பத்து ஆட்கள் இரண்டு பேரும். கோலா கரையோரம் கிடைக்கிற மீன் இல்லை. கரை மறையுமட்டும் போய், தழைக்கட்டுகளைத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். முட்டையிட வரும் மீனை அப்படியே வாரிக்கொள்ள வேண்டும். மூன்று நாளில் திரும்ப வேண்டியவர்கள் ஒரு வாரம் ஆகியும் வரவில்லை. அவர்கள் போன மறுநாளே மேலைக்காற்று பேய் பிடித்தது போல அடித்து, கடலில் இருந்த கட்டுமரங்களையெல்லாம் ஆழ்கடலுக்குத் தள்ளிவிட்டது.

"போனவங்க போனவங்கதான்" என்றார் ஊர்த்தலைவர், நாட்டார் சுப்பராயலு. கல்நெஞ்சக்காரர் இல்லை. தம்பி பிள்ளைகளான மணவாளனையும் தங்கவேலையும் தூக்கி வளர்த்தவர். பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். "இருக்கறவங்க உசுர நான் பாக்கணும் இல்ல? இன்னிக்கு சாயங்காலமே கெளம்புறோம். சுத்துக்கேணியில என் சம்பந்தி வூடு இருக்குது. எல்லாரும் அங்க போயிடலாம்."

செங்கமலம் கடலைத் திரும்பிப் பார்த்தாள். கரையில் ஆள் இல்லாமல் போனால்? உயிரோடு வருகிறவன் கரையோரம் அலை உடையும் அலைவாயில் சிக்கினால் கயிறு போடுவது யார்? கரை இதுதான் என்று நெருப்பு காட்டுவது யார்?

நேராக ரோசம்மாள் வீட்டுக்கு ஓடினாள்.

ரோசம்மாள் கடலூர் மிஷன் தெருவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அவள் சீர்வரிசையில் வந்த வேதப்புத்தகம் தையல் மிஷின் பக்கத்தில் எப்போதும் இருக்கும். செங்கமலம் கையில் கொஞ்சம் மஞ்சள், ஒரு துண்டுக் கற்பூரம்.

"ரோசக்கா, உன் புஸ்தகத்துல கயிறு சாத்திப் பாக்கணும்."

பஜனை மடத்தில் அப்படித்தான் செய்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு புராண ஏட்டுக்குள் நூலை நுழைப்பது, நூல் விழுந்த பக்கத்தைப் படித்துப் பலன் சொல்வது. மடத்து ஐயா முந்தாநாளே ஊரைவிட்டுப் போய்விட்டார். ஏட்டையும் கையோடு கொண்டுபோய்விட்டார்.

"இது அந்த மாதிரி புஸ்தகம் இல்லடி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள் ரோசம்மாள். அவள் திரும்புவதற்குள் செங்கமலம் மிஷினிலிருந்து ஒரு முழம் நூலை அறுத்து, கண்ணை இறுக மூடி, புத்தகத்துக்குள் நுழைத்தே விட்டாள்.

ரோசம்மாளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. விழுந்த பக்கத்தைப் படித்தாள். இன்னார் இன்னாரைப் பெற்றார், அவர் இன்னாரைப் பெற்றார் என்று ஒரு பக்கம் முழுக்க வாயில் நுழையாத பெயர்கள்.

"அப்ப எனக்குப் புள்ள பொறக்கும்னு சொல்லுதா?" செங்கமலம் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். "புருசன் வந்தாத்தான புள்ள?"

"அடி பைத்தியமே! அது யாரோ யாருக்கோ பொறந்த கணக்குடி. இது குறி சொல்ற புஸ்தகம் இல்ல. நடந்தத சொல்ற புஸ்தகம்." ரோசம்மாள் நூலை உருவித் தூரப் போட்டாள். செங்கமலத்தின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் தணிந்தது. "உக்காரு. கடல்ல போனவங்க கதை ஒண்ணு இருக்குது. படிக்கிறேன்."

படித்தாள். பவுல் என்ற கைதியை ஏற்றிக்கொண்டு போன கப்பல். நாள் கணக்காகப் புயல். சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. எல்லாரும் பிழைக்கும் நம்பிக்கையை விட்டார்கள். அப்போது அந்தக் கைதி எழுந்து சொன்னான்: கப்பல் உடைந்துபோகும், ஆனால் ஓர் உயிரும் போகாது.

"கப்பல் ஒடையும்னேவா சொன்னான்?" செங்கமலம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்படித்தான் எழுதியிருக்குது."

பிறகு நள்ளிரவில் கரை நெருங்குவதாக மாலுமிகளுக்கு மனசில் பட்டது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தார்கள். கொஞ்சம் போய் மறுபடி இறக்கினார்கள். ஆழம் குறைந்திருந்தது. பாறையில் மோதிவிடுவோமோ என்று கப்பலின் பின்பக்கம் நங்கூரம் போட்டார்கள்.

"பின்னாலயா? நங்கூரத்த முன்னாலதான போடுவாங்க!" என்று சிரித்தாள் செங்கமலம். மறுநொடி சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது, முன்னால் தெரியாத கரை. அங்கே வேறு எங்கே போடுவான்? அவள் அப்பா தோணியில் போனவர். அவரும் ஒரு தடவை அப்படித்தான் போட்டதாகச் சொல்லியிருக்கிறார். "அக்கா, இது கடல பாத்தவன் எழுதினது. வூட்டுல குந்திக்கினு எழுதினது இல்ல."

"இன்னும் கேளு" என்றாள் ரோசம்மாள். அந்த மாலுமிகள் நங்கூரம் போடுவதாகச் சாக்குச் சொல்லிச் சின்னப் படகை இறக்கித் தப்பப் பார்த்தார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் யாரும் பிழைக்கமாட்டீர்கள் என்று கைதிக்குக் காவலாக வந்த சொல்தாக்களிடம் சொன்னான் பவுல். சொல்தாக்கள் படகின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். யாரும் ஓடவில்லை. விடிந்ததும் கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். எல்லாரும்.

செங்கமலம் அவள் பக்கம் நகர்ந்தாள். "இது மெய்யா அக்கா?"

ரோசம்மாள் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். "இந்த ஊர்ல தெனம் ஒரு சேதி வருது. நேத்து வந்தது இன்னிக்குப் பொய்யாவுது. நான் கண்ணாலம் ஆனதுலேர்ந்து இத படிக்கிறேன். இது என்ன ஏமாத்துனதே இல்ல. என் புள்ள செத்தப்பகூட, சாவு இல்லன்னு எனக்குப் பொய் சொல்லல. கூட இருக்கறேன்னு சொல்லிச்சு. கூடத்தான் இருந்துது. அதனால நம்புறேன்." பிறகு செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு, இது அந்தக் கப்பலுக்கு நடந்தது. உன் புருசன் வருவான்னு இதுல எழுதல. அப்படி நான் சொன்னா நானும் பக்கிரியும் ஒண்ணுதான்."

செங்கமலம் தலையாட்டினாள். அவளுக்குப் பிடித்துப்போனதே அதுதான். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் 'ஒண்ணும் ஆவாதுடி' என்றார்கள். பயமுறுத்த வந்தவர்கள் எல்லாரும் 'எல்லாம் போச்சுடி' என்றார்கள். இந்தப் புத்தகம் மட்டும் உடையும் என்பதை உடையும் என்றது. பிழைத்ததைப் பிழைத்தது என்றது. கேட்பவரைக் குளிரவைக்கப் பேசுகிறவன் கப்பல் உடைந்ததைச் சொல்லவே மாட்டான்.

எழுந்தாள். போகிற வழியில் வீட்டுக்குள் நுழைந்து மீன் அரியும் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

நாட்டார் வாசலில் நாலு வண்டிகள் நின்றன. மாடுகளைப் பூட்டியாகிவிட்டது. பாய், பானை, கோழிக்கூடு, எல்லாவற்றுக்கும் அடியில் குப்பத்தின் வலைகளும் வடக்கயிறுகளும்.

"மாமா, ஒரு ராத்திரி பொறுத்துப் போவலாம். காத்து திரும்பியிருக்குது. கடல் காத்து வீசுது பாருங்க. இருந்தா இன்னிக்குத்தான் வருவாங்க."

"ஒரு ராத்திரி பொறுத்தா தலை இருக்காதும்மா" என்றார் நாட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "ஓட்டுடா வண்டிய!"

அடுத்து நடந்ததை ஊர் இன்றைக்கும் ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்லும். அவள் பறந்து வந்தாள் என்பார்கள். அதெல்லாம் இல்லை. ஓடினாள். முதல் வண்டியின் பூட்டாங்கயிற்றில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. மாட்டுக் கழுத்து விடுபட்டது. அடுத்த மாடு. அடுத்த வண்டி. என்ன நடக்கிறது என்று ஆண்கள் வாயைப் பிளந்து நிற்பதற்குள் எட்டு மாடுகளும் சவுக்குத் தோப்பைப் பார்த்து ஓட்டம் பிடித்தன. ஒரு வண்டி முன்னால் சாய்ந்து, கோழிகள் கொக்கரித்துக்கொண்டு பறந்தன.

நாட்டார் கையை ஓங்கிவிட்டார். ரோசம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து நடுவில் நின்றாள்.

"அவள அடிக்காதீங்க நாட்டாரே. படிச்சுக் காட்டினது நானு. அடிக்கணும்னா என்ன அடிங்க."

ஓங்கிய கை இறங்கியது. "ஜப்பான்காரன் மட்டும் இன்னிக்கு வரட்டும், இந்த ஊர்ப் பழி ஒங்க ரெண்டு பேர் தலையிலதான்" என்று உறுமிவிட்டு மாடு பிடிக்கப் போனார். அரண்ட மாட்டைப் பிடிப்பது லேசா? தோப்புக்குள் ஆளும் மாடும் கண்ணாமூச்சி ஆடிப் பொழுது சாய்ந்தது. செங்கமலம் மணலிலேயே நின்றாள்.

அப்போது மணல் மேட்டின் உச்சியிலிருந்து பக்கிரி அலறினான்.

"வந்துட்டான்! தோப்பு வருது! தோப்பு மெதந்து வருது!"

மெய்யாகவே வந்தது. மங்கும் வெளிச்சத்தில், கடல் நடுவில், தழைக் குவியல் ஒன்று ஏறியும் இறங்கியும் வந்துகொண்டிருந்தது. பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். செங்கமலம் எதிர்ப்பக்கம் ஓடினாள், கடலைப் பார்த்து. சாய்ந்த வண்டியிலிருந்து ஒரு பாயை இழுத்தாள், காய்ந்த ஓலைகளை அதன்மேல் போட்டாள். மடியில்தான் கற்பூரம் இருந்ததே! ரோசம்மாள் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையோடு வந்தாள்.

"நெருப்பு காட்டாதடி பாவி! குண்டு போடுவான்டி!" பக்கிரி தலையில் அடித்துக்கொண்டான்.

"போடட்டும்!" என்றாள் செங்கமலம். நெருப்பு ஆளுயரத்துக்கு எழுந்தது.

கடலிலிருந்து ஒரு குரல் வந்தது. அலைச் சத்தத்தில் முதலில் புரியவில்லை. பிறகு நன்றாகவே கேட்டது.

"டேய், எவன்டா கரையில? வேடிக்கையா பாக்கறீங்க? கயிறு போடுங்கடா!"

"ஜப்பான்காரன் தமிழ்ல திட்டுறான்!" என்றான் பக்கிரி.

"என் புருசன்டா அது!" செங்கமலம் கத்திய கத்தலில் சவுக்குத் தோப்பே திரும்பிப் பார்த்தது. மாடு பிடிக்கப் போன ஆண்கள் மாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கட்டுமரத்தின் பாய் காற்றில் கிழிந்துபோக, மீன் பிடிக்கக் கொண்டுபோன தழைக்கட்டுகளைக் கம்பில் கட்டி நிறுத்தி, அதில் காற்றைப் பிடித்துத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். ஆயுசு முழுக்கக் கோலாத் தழை பார்த்த ஊர், தன் தழையைத் தானே அடையாளம் தெரியாமல் ஓடப் பார்த்தது!

அலைவாயில் மரம் புரண்டது. ஒரு வாரம் ஆட்டம் கண்ட கட்டு தெறித்து, கட்டைகள் தனித்தனியே பிரிந்தன. வண்டியைக் குடைந்து வடக்கயிற்றை உருவி எடுத்தவர் வேறு யாருமில்லை, நாட்டார்தான். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு அந்த வயதில் அலைக்குள் பாய்ந்தார். மறுமுனையை ஊரே பிடித்தது. கட்டையைத் தழுவிக்கொண்டு கிடந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். தங்கவேல். பக்கத்துக் குப்பத்தார் இரண்டு பேர். கடைசியாக மணவாளன், அப்போதும் திட்டிக்கொண்டே.

நாட்டார் மணலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். ரோசம்மாள் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினாள். பக்கிரி மட்டும், நூல் கப்பல் பக்கத்தில்தான் விழுந்தது என்றும், மரம் உடையும் என்று அதிலேயே எழுதியிருந்தது என்றும் ஊர் பூராவும் சொல்ல ஆரம்பித்திருந்தான். "இல்லவே இல்லடா, பேர் வரிசையிலதான்டா விழுந்துது" என்று ரோசம்மாள் கத்தியதை யார் கேட்டார்கள்? விடிந்ததும் அவள் வாசலில் ஒரு கூட்டம், ஆளுக்கு ஒரு முழம் நூலோடு. நாட்டார் வந்து நூலையெல்லாம் பிடுங்கி எறிந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கயிறு வாணாம்மா. நேத்து அந்தப் பொண்ணுக்குப் படிச்சத எனக்கும் மொதல்லேர்ந்து படி."

உள்ளிருந்து குரல் கேட்டுக்கொண்டிருக்க, வெளியே வேலியோரம் மணவாளன் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் வருவேன்னு அதுல போட்டிருந்துதா?"

"இல்லயே."

"பின்ன எத நம்பி எட்டு மாட்டையும் அவுத்துவுட்ட?"

"நீ வருவேன்னு அதுல எழுதல" என்றாள் செங்கமலம். "கூட இருக்கறவங்க ஓடிட்டா ஒருத்தரும் பொழைக்கமாட்டாங்கன்னு எழுதியிருந்துது. எனக்கு அது போதும்."