முழுக்கைச் சட்டை

ஒத்திகையில் தூண் அண்ணன் மேடையில் விழுந்தபோது நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். விழுந்தது அவ்வளவு தத்ரூபமாக இருந்தது. இருட்டில், மரத்தளத்திலிருந்து படிக்கட்டுக்குக் காலை நீட்டியவர், படி இருக்க வேண்டிய இடத்தில் படி இல்லாமல் தடாலென்று கீழே போனார். போன இடத்திலிருந்தே தன் முதல் வசனத்தையும் சொன்னார்: "யாரு விளக்க அணைச்சது?" விளக்கு வந்தது. அண்ணனின் வலது பாதம், பாதங்கள் சாதாரணமாகப் பார்க்காத ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைதட்டல் நின்றது. நான் மட்டும் கூடுதலாக இரண்டு தட்டு தட்டினேன். எனக்கு எதுவுமே கொஞ்சம் லேட்டாகத்தான் உறைக்கும்.

படி ஏன் அங்கே இல்லை என்பதும் அப்படித்தான் உறைத்தது. அது சக்கரம் வைத்த படிக்கட்டு. விளக்கு மங்கும்போது இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்து, தரையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் டேப்பில் சரியாக நிறுத்துவார்கள். முந்தின நாள் மேடையைப் பெருக்கும் பொறுப்பு என்னுடையது. பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். தரையில் அங்கங்கே அசிங்கமாக ஒட்டிக்கொண்டிருந்த டேப் துண்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். மேடை கண்ணாடி மாதிரி ஆனது. அதை இரண்டடி தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தபோதுதான், அது அழுக்கு இல்லை, அடையாளம் என்பது புரிந்தது. மஞ்சள் டேப் தீர்ந்திருந்தது. நீல டேப்பை எடுத்து ஞாபகத்திலிருந்து ஒட்டினேன். என் ஞாபகம் ஒரு சாண் தப்பு.

யார் செய்தது என்று விசாரணையே தேவைப்படவில்லை. நீலமாக இருந்ததெல்லாம் நான். அன்றிலிருந்து கல்லூரியில் என் பெயர் டேப்பு.

நாடகத் துறையில் முதலாண்டு சேர்ந்தவன் எதற்குப் பெருக்கிக்கொண்டிருந்தான் என்று கேட்கலாம். என் அப்பாவும் அதைத்தான் கேட்டார். ஆடிஷனில் நான் எடுத்த பெயர் அப்படி. மகன் செத்துப்போன ஒரு ராஜா அழுகிற வசனத்தை வீட்டுக் குளியலறையில் ஒரு வாரம் அழுது பழகியிருந்தேன். "வயித்துக்கு ஏதாவது பண்ணுதாடா?" என்று அம்மா கதவைத் தட்டுகிற அளவுக்குத் தேறியிருந்தேன். ஆனால் எங்கள் இயக்குநர், ஒத்திகையில் வாயால் பேசுவதைவிட விசிலால் பேசுவது அதிகம் என்பதால் விசில் மேடம், அழவே விடவில்லை.

"அதெல்லாம் வேணாம். உனக்குத் தாகமா இருக்கு. இவன்கிட்ட ஒரு டம்ளர் தண்ணி கேளு."

நான் கேட்டேன். இழந்த ராஜ்யத்தைக் கேட்பது போலக் கேட்டேன். மேடம் மூன்று தடவை கேட்கச் சொன்னார். மூன்றாவது தடவை எனக்கு நிஜமாகவே தொண்டை வறண்டுவிட்டது. "சரி, பார்க்கலாம்" என்றார். எங்கள் துறையில் 'பார்க்கலாம்' என்றால் துடைப்பம் என்று அர்த்தம். கூடவே, வசனப் பிரதியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுக்கும் வேலையும்.

தூண் அண்ணன் கடைசி வருடம். முதல் வருடத்தில் அவருக்குக் கிடைத்த வேடம் அரண்மனைத் தூண். நல்ல உயரம், அசையாமல் நிற்பார் என்று போட்டிருந்தார்கள். அடுத்த வருடம் சிப்பாய், அப்புறம் தபால்காரர். இந்த வருடம்தான் முதன்முதலாக நாடகத்தின் நடுவில் நிற்கிற பாத்திரம். பிள்ளைகள் விற்கச் சொல்கிற வீட்டில் தனியாக இருக்கிற ஓர் அப்பா. அண்ணனின் அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்பவர். மகன் நடித்து ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பார்க்க அண்ணன் விட்டதில்லை.

"தூணைப் பாக்க லீவு போட்டு வருவாங்களாடா?" என்பார். "உக்காந்து பேசுற மாதிரி ஒரு வேஷம் கிடைக்கட்டும், கூப்பிடுறேன்னு சொல்லியிருந்தேன். இதுல நாற்காலியே இருக்கு."

அம்மாவும் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் பெருக்கினேன்.

கணுக்கால் முறிவு. மாவுக்கட்டு. நாடக நாளுக்குள் எழுந்து நடக்க வாய்ப்பே இல்லை. மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, யாராவது என்னை நாலு அறை அறைய மாட்டார்களா என்று இருந்தது. எல்லோரும் தங்கமாக நடந்துகொண்டார்கள். விசில் மேடம், "ஆகுறது ஆயிடுச்சு" என்றார். என் அப்பா வாழ்க்கை முழுக்க பஸ் ஓட்டியவர். எங்கே மோதினாலும் யார் மேல் தப்பு என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. என் விஷயத்தில் மட்டும், "சாப்டியா?" என்றார். அண்ணனோ கட்டில் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். மாவுக்கட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் குதிகாலுக்குக் கீழே, பொடி எழுத்தில், 'மன்னிச்சிடுங்க அண்ணா' என்று எழுதினேன்.

"அங்க எழுதினா நான் எப்படிடா படிப்பேன்?"

"கோபமாண்ணா?"

"விடுடா டேப்பு."

அந்த 'விடுடா'வை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆமாமா, இல்லையா?

மற்ற எல்லோருக்கும் வேடம் இருந்தது. முழு வசனமும் தெரிந்தவன், பிரதியைப் பிடித்துக்கொண்டிருந்த நான் ஒருவன்தான். விசில் மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏறுவதற்கு அதிகம் இல்லை. "வேற வழி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இப்படியாக, துடைப்பத்திலிருந்து நேராகக் கதாநாயகன். கேட்டவுடன் என் வயிற்றில் குபீரென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது. அதை அங்கேயே அமுக்கினேன். அமுங்கவில்லை.

உடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டாமாண்டு ஊசி அக்கா. கையிலும் ஊசி, நாக்கிலும் ஊசி. அப்பா பாத்திரத்துக்கு அண்ணனின் அளவில் தைத்த வெள்ளை முழுக்கைச் சட்டையை எனக்குப் போட்டுப் பார்த்தார். கைகள் காணாமல் போயின.

"தச்சதைப் பிரிக்க நேரமில்ல. உள்பக்கமா மடிச்சு நாலு தையல் போடுறேன். ரொம்ப ஆட்டாத."

"பட்டன் மட்டும் வெளிய தெரியணும்க்கா. அது வேணும்."

அந்தப் பட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடகத்தில் பிள்ளைகள் மூவரும் வீட்டை விற்றே ஆக வேண்டும் என்று கத்துகிற இடம் ஒன்று உண்டு. பிரதியில் அந்த அப்பாவுக்கு, "சரி. வித்துடுங்க" என்பது மட்டும்தான் வசனம். அண்ணன் அங்கே கத்த மாட்டார். வலது கையின் பட்டனைக் கழற்றுவார். அதையே கொஞ்ச நேரம் பார்ப்பார். எங்கேயோ போய்விட்டு வந்தவர் மாதிரி மறுபடி போடுவார். அப்புறம் அந்த இரண்டு சொல். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் பிரதி என் கையில் ஈரமாகும். அந்த இடத்தில் எடுத்துக்கொடுக்க எதுவுமில்லை என்றாலும் நான் அந்தப் பக்கத்தைத்தான் விரித்து வைத்திருப்பேன்.

நான் அப்பா வேடம் போட ஆரம்பித்ததும், என் கை தானாகப் பட்டனுக்குப் போனது. விசில் மேடம் விசில் ஊதவில்லை. அவர் விசில் ஊதாததுதான் பாராட்டு. ஒத்திகை முடிந்து சட்டையைக் கழற்றும்போது ஊசி அக்கா மெதுவாகச் சொன்னார்.

"அது தூண் அண்ணனோட அப்பா பழக்கம், தெரியும்ல? லிஃப்ட் ஆபரேட்டரா இருந்தாரு. யூனிஃபார்ம் சட்டை. கோபம் வந்தா பேச மாட்டாராம், பட்டனைக் கழட்டிக் கழட்டிப் போடுவாராம். அண்ணன் ஸ்கூல் படிக்கிறப்பவே அப்பா போயிட்டாரு. அம்மா பாக்கணும்னுதான் அண்ணன் இதை வச்சிருந்தாரு."

எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு செய்ய வேண்டியது என்னவென்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் குழந்தையில்லை, நடிகன். நேராக அண்ணன் தங்கியிருந்த விடுதி அறைக்குப் போனேன். காலைத் தலையணை மேல் தூக்கிவைத்து, ஒரு ஸ்கேலால் கட்டுக்குள் சொறிந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, அந்தப் பட்டன்... நான் பண்ணட்டுமா? வேணாம்னா விட்டுடுறேன்."

ஸ்கேல் நின்றது. ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னாங்க." விசில் ஊதாததை நான் இப்படி மொழிபெயர்த்தேன்.

"அப்புறம் என்னடா. உன் இஷ்டம்."

அந்தக் குரல் எனக்குக் கேட்டது. காது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது 'இஷ்டம்' என்ற சொல் மட்டும். அதை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தேங்க்ஸ்ண்ணா" என்று, அவர் மனசு மாறுவதற்குள் படியிறங்கினேன். இரண்டிரண்டு படியாக. எனக்கு எல்லாப் படியும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நாடகம் ஒரு சனிக்கிழமை மதியம். திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்வரிசை ஓரத்தில் தூண் அண்ணன், கால் நீட்டி, பக்கத்தில் இரண்டு ஊன்றுகட்டைகள். அடுத்து அவருடைய அம்மா. லீவு ஏற்கனவே போட்டாயிற்று, அதை மாற்றினால் மறுபடி கிடைக்காது, அதனால் வந்திருந்தார். நாள் முழுக்க வெந்நீரில் இருக்கிற கைகளை மடியில் வைத்து, மகன் மேடைக்கு வரப்போவது போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முதல் பாதியில் நான் எப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது. படியில் இறங்கும்போது தரை நிறையப் புதிய மஞ்சள் டேப். "யாரு விளக்க அணைச்சது?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை, அதுவே பெரிது. அப்புறம் அந்த இடம் வந்தது. மூன்று பேரும் கத்தி ஓய்ந்தார்கள். நான் பட்டனைக் கழற்றினேன். ஊசி அக்காவின் தையல் பிரிந்து, சட்டைக் கை முழுவதும் சரிந்து, என் விரல்களை மூடியது. எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. நான் அந்த நீளமான கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். துணிக்குள்ளிருந்து விரலைத் தேடி எடுத்து, தட்டுத்தடுமாறிப் பட்டனைப் போட்டேன். அதில் நடிப்பு எதுவும் இல்லை, நிஜமாகவே துளை கிடைக்கவில்லை. "சரி. வித்துடுங்க."

முன்வரிசையில் அந்த அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பக்கத்தில் அண்ணன் மேடையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஒரே கூட்டம். என்னைத் தெரியாதவர்களெல்லாம் தோளில் தட்டினார்கள். விசில் மேடம், "இப்போ தண்ணி கேளு, தர்றேன்" என்றார். முகத்தில் பாதி மீசையோடு இளித்துக்கொண்டு நின்றபோது, அண்ணனின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னால் இரண்டு கட்டைகளில் அண்ணன். அம்மா சரிந்து தொங்கிய என் சட்டைக் கையைப் பிடித்து, இரண்டு மடிப்பு மடித்துவிட்டார்.

"நல்லா பண்ணினப்பா. உயரம்தான் கொஞ்சம் பத்தல." சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "இவங்கப்பா இப்படித்தான். அப்படியே அச்சு. நீ அவரைப் பாத்ததே இல்லையே, எப்படிப்பா உனக்கு வந்துச்சு?"

சுற்றிலும் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. 'அண்ணன் கண்டுபிடிச்சதும்மா, நான் பாத்து செஞ்சேன்.' மாதக்கணக்கில் எல்லோருக்கும் வசனம் எடுத்துக்கொடுத்தவன் நான். என் வாயில் வந்தது வேறு.

"பிராக்டிஸ்தாம்மா."

அம்மா தலையாட்டினார். என் கன்னத்தைத் தொட்டார். வாசலில் ஆட்டோ நிற்கிறதா பார்க்கிறேன் என்று போனார். கூட்டமும் வேறு யாரையோ பாராட்டப் போய்விட்டது. நானும் அண்ணனும், அடுக்கிவைத்த நாற்காலிகளும்.

"அண்ணா, நான் ஓடிப்போய் அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடுறேன்."

"என்னன்னு?"

"அது நீங்க பண்ணினதுன்னு."

"இப்போ நீ சொன்னா, பாவம் கால் உடைஞ்ச பையனுக்கு விட்டுக்கொடுக்கிறான்னு நினைப்பாங்க. நல்ல பையன்னு உனக்கு இன்னொரு பேர் கிடைக்கும்."

கட்டையைக் கையிடுக்கில் சரிசெய்துகொண்டார். எப்போதும் வருகிற அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"என் மேல கோபமாண்ணா? விடுடான்னு சொல்லாதீங்க. நேரா சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஆமாடா. கோபம்தான். கால் போனதுக்கு இல்ல, அது நீ தெரியாம பண்ணினது. அன்னிக்கு ரூமுக்கு வந்து கேட்டப்ப வேணாம்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். பெரிய மனுஷனாட்டம் உன் இஷ்டம்னு சொன்னேன், அது என் தப்பு. ஆனா இப்போ எங்கம்மா கேட்டாங்க பாரு, நான் பக்கத்துலயே நிக்கிறேன், உனக்கு என் பேர் வரல. நீ நல்லா பண்ணின, அதையும் சொல்லிடுறேன். கோபம் போகுமான்னு கேட்டா, தெரியலடா. போச்சுன்னா நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் அண்ணா அண்ணான்னு என் பின்னாடி வராத."