பிரிவுபசார விழாவில் ஒரு வேலைச்சீட்டு

காப்பீட்டுக் கம்பெனியின் ஆண்டுவிழாவில் ஒரு துண்டு கேக் தின்ற நாற்பதாவது நிமிடம், லிஃப்ட்காரரின் நெஞ்சில் அந்தக் கம்பெனியின் அடையாள அட்டை முளைத்தது. நகம் வளர்வதுபோல வலியில்லாமல்தான் வந்தது. சாயங்காலத்துக்குள் முழு அளவுக்கு வளர்ந்து நின்றுவிட்டது. மேலே கம்பெனி முத்திரை, நடுவில் அவர் படம், கீழே பணியாளர் எண். படத்தில் அவர் வாய் நிறையக் கேக் இருந்தது. அப்படி ஒரு படத்தை யாரும் எடுக்கவில்லை என்பதைப் பிற்பாடு எல்லாருமே ஒப்புக்கொண்டார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், அவர் அந்தக் கம்பெனியின் ஆள் இல்லை. ஊரில் ஐந்து கட்டடங்களின் லிஃப்டுகளைச் சொந்த ஒப்பந்தத்தில் பார்த்துவந்தார். பழைய பிரேக்கின் சத்தத்தை வைத்தே அது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். கருவிப்பை அவருடையது, நேரம் அவருடையது, வரியும் சுயதொழில்காரர் என்ற பதிவில்தான் கட்டிவந்தார். அட்டையை அவர் மனைவி முதலில் நகவெட்டியாலும் அது முடியாமல் தகரம் வெட்டும் கத்தரியாலும் வெட்டி எடுத்தார். ரத்தம் வரவில்லை. ஒரு வாரத்துக்கு அந்த இடம் செவ்வகமாகச் சிவந்திருந்தது. "கேக்காவது நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மனைவியின் தம்பி வரி ஆலோசகன். வெட்டிய அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் ரத்த வகைகூடச் சரியாக இருந்தது.

"மாமா, ஒரு நாள் டீ குடிச்சா விருந்தாளி, தினம் குடிச்சா அவங்க ஆளு. ஆண்டுவிழா, சுற்றுலா, குரூப் போட்டோன்னு எதுலயும் தலைகாட்டாதீங்க. வரி ஆபீஸர் இதப் பாத்தா, இவர் ஒப்பந்தக்காரரே இல்ல, சம்பளக்காரர்னு எழுதிடுவார். பதிவு போயிடும். பதிவு போனா மத்த நாலு கட்டடமும் கைய விட்டுப் போயிடும்."

"மனுஷங்க மதிச்சுக் கூப்பிடுறப்ப எப்படிடா போகாம இருக்கிறது?"

"போங்க, யார் வேணாங்கறா? வேலையாப் போங்க. ஸ்பேனரோட போயி, வேலைச்சீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. கல்யாண வீடா இருந்தாலும் சரி."

அவன் அதைக் கேலியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். லிஃப்ட்காரருக்குக் கேலி புரிவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். அதற்குள் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

அந்த வருஷங்களில் அவர் எந்த அழைப்பையும் மறுக்கவில்லை, எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்கவும் இல்லை. வேலைச்சீட்டில் மூன்று கட்டங்கள்: வந்த காரணம், செய்த வேலை, வேலை முடிந்ததா. கம்பெனி மேனேஜர் மகளின் கல்யாணத்தில் மேடைக்கு அடியில் புகுந்து நான்கு மரையாணிகளை முடுக்கி, 'அதிர்வு சோதனை' என்று எழுதி, பெண்ணின் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். காசாளரின் தாயார் இறந்தபோது வாசற்கதவை இரண்டு தரம் திறந்து மூடிவிட்டுச் சீட்டை நீட்டினார். அழுதுகொண்டிருந்த மனிதர், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பெயர் எழுதும் நோட்டு என்று நினைத்து, 'தங்கள் அன்புக்கு நன்றி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லிஃப்ட்காரர் அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஆனாலும் வீட்டில் சட்டை மாற்றும்போது சுவரைப் பார்த்து நின்றே மாற்றினார்.

கம்பெனியில் அவருடைய சீட்டுகளில் கையெழுத்துப் போடுவது ரிசப்ஷன் அம்மா. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பெயர், வந்த நேரம், போன நேரம் எழுதி வருகையாளர் அட்டை கொடுப்பது அவர் வேலை. லிஃப்ட்காரர் வரும் நாட்களில் அவருக்காக மேசை ஓரத்தில் ஒரு டீ வாங்கி வைப்பார். அது ஆறி, ஆடை படிந்து, சாயங்காலம் செடித்தொட்டிக்குப் போகும். பதினெட்டு வருஷத்தில் அந்தச் செடி முதல் மாடி ஜன்னலைத் தொட்டுவிட்டது. ஒருமுறை அந்த அம்மாவே லிஃப்டில் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். அன்று லிஃப்ட்காரரின் விடுமுறை நாள். சேதி கேட்டு வீட்டுச் செருப்போடு ஓடிவந்து, தன் உதவியாளர் மேலே மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்தும் வரை கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தார். மகளுக்குக் கணக்கு வராதது, தனக்கு உயரம் என்றால் பயம், எல்லாவற்றையும் சொன்னார். கதவு திறந்ததும், பேசியதை நினைத்து வெட்கப்பட்டு, படி வழியாகவே போய்விட்டார்.

ரிசப்ஷன் அம்மா ஓய்வுபெற்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை வரி அதிகாரி சோதனைக்கு வருவதாக நோட்டீஸ் வந்திருந்தது. அட்டை முளைத்து அதை வெட்டினால் தழும்பு ஆற ஒரு வாரம் வேண்டும். நாலே நாள்தான் இருந்தது. விழா அறையில் எல்லாரும் கேக் தட்டோடு நிற்க, லிஃப்ட்காரர் கருவிப்பையோடு நின்றார்.

"தம்பி, இன்னிக்காவது ஒரு வாய்" என்று ரிசப்ஷன் அம்மா கேக்கை நீட்டினார்.

"வயிறு சரியில்ல அக்கா" என்றார். பிறகு, கழுத்தில் மாலையோடு நின்ற அந்த அம்மாவிடம் சீட்டை நீட்டினார். வந்த காரணம்: கதவு உருளை சரிபார்ப்பு.

"கதவு நல்லாத்தானே இருக்கு?"

"ஒரு வழக்கத்துக்கு அக்கா."

யாரோ இருமினார்கள். ரிசப்ஷன் அம்மா சீட்டை நிதானமாகப் படித்தார், மாலை மசியில் படாமல் ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். 'வேலை முடிந்ததா' என்ற கட்டத்தில், பதினெட்டு வருஷத்தில் முதன்முறையாக, 'இல்லை' என்று எழுதினார்.

புதன்கிழமை வந்த அதிகாரி சட்டையைக் கழற்றச் சொன்னார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "சுத்தம். யாரோட ஆளும் இல்ல நீங்க" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். லிஃப்ட்காரருக்குக் காது சிவந்தது. பிறகு அதிகாரி கோப்பைப் புரட்டினார். காசாளரின் சீட்டில் ஒரு நிமிடம் நின்று, மேலே புரட்டி, கடைசிச் சீட்டில் விரலை வைத்தார்.

"இது முடியலையே. முடியாத வேலைய வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கோப்ப மூடறது? முடிச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்லன்னா பதிவ நிறுத்தி வெப்பேன்."

ரிசப்ஷன் அம்மாவின் வீடு தரைத்தளத்தில் இரண்டு அறை. லிஃப்ட்காரர் ஸ்பேனரும் கருவிப்பையுமாக வாசலில் நின்றார்.

"என்ன தம்பி, என் வீட்டுல லிஃப்ட் இல்லையே."

"சீட்டு அக்கா... இல்லைன்னு எழுதிட்டீங்க."

"நாப்பது நிமிஷம் வெளிய நின்னு பேசுனியே, அதுக்குச் சீட்டு எழுதுனியா?"

"இல்லக்கா."

"அன்னிக்கு வந்த ஆளத்தான் விழாவுக்குக் கூப்பிட்டேன். வந்தது வேற யாரோ. அந்தப் பைய வெளியவே வெச்சுட்டு வந்து உக்காரு."

உட்கார்ந்தார். அந்த அம்மா சோறு போட்டார். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு வாடிக்கையாளரின் ஆள் கையால் சாப்பிட்டார். மூன்றாவது கவளத்தில் சட்டைப் பொத்தான் தெறித்துத் தட்டில் விழுந்தது. லிஃப்ட்காரர் இடது கையால் நெஞ்சை மூடினார். அந்த அம்மா கையை விலக்கிப் பார்த்தார். அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. பதினெட்டு வருஷமாக அட்டைகளோடு பழகியவர் அல்லவா? இம்முறை அதில் முத்திரை இல்லை, எண் இல்லை. வாய் நிறையச் சோற்றோடு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருக்கும் ஒரு முகமும், கீழே காலிக் கோடுகளும்தான் இருந்தன. அந்த அம்மா பேனாவை எடுத்தார், பழகிய கை அது. யார்: விருந்தாளி. வந்த நேரம்: பன்னிரண்டு நாற்பது. போன நேரத்தை எழுதாமல் விட்டார். "இப்ப அந்தச் சீட்டக் குடு" என்று வாங்கி, 'இல்லை'யை அடித்து 'ஆம்' போட்டார்.

"காசாளர் வீட்டுக்கும் போயிட்டு வந்துடு தம்பி" என்றார். லிஃப்ட்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

அதிகாரி அட்டையைப் படித்துவிட்டு, சட்டப் புத்தகத்தை ஒரு மணி நேரம் புரட்டினார். விருந்தாளியைச் சம்பளக்காரராகக் கருதுவதற்கு அதில் எந்தப் பிரிவும் இல்லை. கோப்பை மூடினார். லிஃப்ட்காரர் காசாளர் வீட்டுக்குப் போய்ப் பழைய சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் அதில் இருந்த தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, டீ போட்டுக் கொடுத்தார். லிஃப்ட்காரர் குடித்தார்.

அட்டையை அதன்பிறகு வெட்டவில்லை. அவர் மனைவி எல்லாச் சட்டைகளிலும் இடது பக்கம் ஒரு துளை போட்டு ஓரம் தைத்துவிட்டார். படத்திலிருக்கும் முகம் வருஷத்துக்கு வருஷம் அவரோடு சேர்ந்து நரைக்கிறது. தாழ்ந்த கண்கள் மட்டும் இன்னும் நிமிரவில்லை. லிஃப்டில் ஏறுகிறவர்கள் அட்டையைப் படித்துவிட்டு, விருந்தாளி ஆயிற்றே என்று, எந்த மாடிக்குப் போகவேண்டும் என அவரையே முதலில் கேட்கிறார்கள். அவரும் சொல்கிறார்.