இரண்டு அங்குலம்

"ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுங்க டிரைவரே! எடுங்கன்னா!"

குரல் ஜீப்பின் பின்னாலிருந்து வந்தது. அவன் வெடுக்கென்று காலை எடுத்தான். முன்சக்கரம் ஒன்று பாறைமேல், இன்னொன்று அந்தரத்தில். சரிவின் நட்டநடுவில் வண்டி. கண்ணாடியில் பார்த்தான். மெக்கானிக் அக்கா ஸ்ட்ரெச்சரில் பெல்ட் மாட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். வயிற்றின்மேல் அரை டம்ளர் தண்ணீரை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். நீல மை கலந்த தண்ணீர். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி தோற்றது என்று புறப்படும்போதே சொல்லிவிட்டாள்.

நாளைக் காலை அவன் தங்கை புருஷனுக்கு டிஸ்சார்ஜ். கூரையிலிருந்து விழுந்து முதுகெலும்பில் ஆப்பரேஷன். "படுத்தபடியே போகணும். ஒரு தடவை பலமா தூக்கிப் போட்டாலும் வச்ச கம்பி நகர்ந்திடும்" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மேட்டு வீட்டுக்கு வேறு பாதை கிடையாது. இந்தப் பாறைச் சரிவுதான்.

நான்கு நாள் முன்பு ஒர்க்‌ஷாப்புக்குள் புயல் மாதிரி நுழைந்தவன் அவன்தான்.

"வண்டி உயரத்தை ஆறு இஞ்ச் ஏத்திடுங்க அக்கா. பெரிய டயர். அடியில ஒரு கல்லு தட்டக்கூடாது."

"மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போறீங்களா, ஒட்டகச் சவாரியா?"

சிரித்துக்கொண்டே வண்டிக்கடியில் புகுந்தவள், அரைமணி நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் சாக்பீஸால் தரையிலேயே படம் போட்டாள். உயர்த்த உயர்த்த வண்டி ஊஞ்சலாடும். எஞ்சின் ஓட்டத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டு கோணலாகி அதிரும். கனத்த ஸ்பிரிங் குழியைத் தாண்டும், ஆனால் ஆளைத் தூக்கி எறியும். அதனால் இரண்டே அங்குலம், மெத்தென்ற ஸ்பிரிங். மிச்சக் காரியத்தை கியர் பார்த்துக்கொள்ளும். பல்சக்கரங்களை மாற்றினால் வண்டி ஆமையாக ஊரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் வெறுமனே சுற்றாமல், அதையும் ஜோடிச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற லாக் ஒன்று.

"பார்க்கிறதுக்கு ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்குமே" என்றான் ஏமாற்றத்தோடு.

"கல்யாண ஊர்வலமா? யார் பார்க்கணும்?"

இப்போது சரிவில், அந்தரத்தில் தொங்கிய சக்கரத்தை அவன் எட்டிப் பார்த்தான். "அக்கா, உருண்டுடும்!"

"லாக்கைப் போட்டுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க."

போட்டான். எஞ்சின் முணுமுணுத்தது. அவன் கால் எதிலும் இல்லை. வண்டி தானாகவே பாறையைத் தடவித் தடவி ஏறியது. தூங்கும் குழந்தையைத் தோள்மாற்றுகிற பக்குவம். தொங்கிய சக்கரம் சத்தமில்லாமல் மண்ணைத் தொட்டது. பதினைந்து வருட ஸ்டியரிங்கில் இப்படி ஒரு ஏற்றத்தை அவன் அறிந்ததில்லை.

உச்சியில் நிறுத்தி, ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான். சட்டை வெள்ளை வெளேர்.

"அக்கா, கையைக் கொடுங்க, கும்பிடணும்! படுத்துப் பார்த்து டெஸ்ட் பண்ற மெக்கானிக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை. யார் சொல்லிக் கொடுத்தா?"

அவள் எழுந்திருக்கவில்லை. வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"முன்னாடி ஒரு வண்டிக்கு ஆறு இஞ்ச் ஏத்தினேன். தெருவே நின்னு பார்த்துச்சு. அதுலதான் முதுகுல அடிபட்ட எங்க அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்."

"அப்புறம்?"

"வண்டியில ஏத்துற வரைக்கும் கால்விரலை ஆட்டிக்கிட்டுதான் இருந்தார்."