ஆற்றங்கரையில் கிடந்தவன்

நிக்கந்த்ரோ அந்தத் தோப்பில் இல்லை என்பது பார்தோவுக்குத் தெரியும். தெரிந்தும் மற்றவர்களோடு சேர்ந்து வரிசையில் நடந்துகொண்டிருந்தான். நாற்பது பேர் பாப்லார் மரங்களுக்கிடையில் முள்ளைத் தடியால் விலக்கி விலக்கிப் போனார்கள். முன்னால் போகிறவன் "நிக்கந்த்ரோ!" என்று கத்துவான். எல்லோரும் நின்று காது கொடுப்பார்கள். ஒரு பதிலும் வராது. மறுபடி நடப்பார்கள். இரவு பெய்த பனியில் சருகெல்லாம் ஊறிக்கிடந்தது.

முந்தின நாள் விடிவதற்கு முன் நாயைக் கூட்டிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. அவனுடைய நீலக் கார் பழைய மாவு ஆலைக்குப் பக்கத்தில் நின்றது. கார் நிற்கிற இடத்தில்தானே ஆளைத் தேட வேண்டும் என்றார் காவல் அதிகாரி. அவர் வெளியூர்க்காரர். ஊர்க்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ட்ரஃபிள் தோண்டுகிறவன் காரை எங்கே நிறுத்தியிருக்கிறானோ அங்கே மட்டும் அவன் இருக்கமாட்டான். இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எல்லோருமே அப்படித்தான் நிறுத்துகிறார்கள்.

ட்ரஃபிள் என்பது மண்ணுக்குள்ளேயே முளைத்து மண்ணுக்குள்ளேயே முற்றுகிற, பொன் விலை போகிற காளான். நாய் மூக்குக்குத்தான் தட்டுப்படும். தோண்டிய குழியை ஒழுங்காக மூடினால், ஒரு வருஷம் கிடைத்த மரத்தடியில் அடுத்த வருஷமும் கிடைக்கும். அதனால் இடம்தான் சொத்து. பெண்டாட்டிக்கும் சொல்லமாட்டார்கள், பாதிரியாருக்கும் சொல்லமாட்டார்கள். நிக்கந்த்ரோ ஒருபடி மேலே. காட்டிலிருந்து இறங்கும்போது பூட்ஸை ஓடையில் கழுவிவிட்டு, வேறொரு இடத்துச் சேற்றில் மிதித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். மண்ணின் நிறத்தை வைத்து யாரும் மலையைக் கண்டுபிடித்துவிடக் கூடாதாம்.

"செத்திருப்பான்யா," என்றான் பார்தோவுக்கு இடப்பக்கம் நடந்தவன். "இந்தக் குளிர்ல ஒரு ராத்திரி தாங்குறதே கஷ்டம்."

"வாயக் கழுவு."

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? சாகறதுக்கு முன்னாடி எடத்தயாச்சும் சொல்லிட்டுப் போயிருக்கலாம், கஞ்சப்பய."

பேசும்போதும் அவன் தலை குனிந்தேதான் இருந்தது. பார்தோ வரிசையைப் பார்த்தான். தோண்டி மூடிய தடம் ஏதாவது தெரிகிறதா என்று பாதிப் பேர் தரையைத்தான் மேய்ந்துகொண்டு போனார்கள்.

பார்தோ கொத்தனார். வேலை பார்த்த கம்பெனி மூடி இரண்டு வருஷமாகிறது. மனைவி வடக்கே போலோன்யா நகரத்தில் ஒரு கிழவிக்குப் பணிவிடை செய்து பணம் அனுப்புகிறாள். அந்த வெட்கத்தில்தான் போன இலையுதிர் காலத்தில் நிக்கந்த்ரோவின் பின்னால் பூனை மாதிரி போனான். ஆலையில் காரை விட்டுவிட்டு, சாலைக்கு அடியில் போகிற மழைநீர்க் குழாயில் குனிந்து நுழைந்து, அந்தப் பக்கத்து மலையில் கல்குவாரிக்குப் பின்னால் இருக்கும் ஓக் மரப் பள்ளத்துக்கு நிக்கந்த்ரோ ஏறுவதைப் பார்த்தான். இப்போது அதைச் சொன்னால் ஆளைக் காப்பாற்றலாம். ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று ஊர் கேட்கும். அதற்கப்புறம் அவன் கார் டயர் மிஞ்சாது. வளர்க்கிற நாய்க்கு யாராவது விஷக்கறி போடுவார்கள்.

"ஒதுங்கிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு வரிசையிலிருந்து விலகினான். குழாய்க்குள் நுழைந்ததும் ஓட ஆரம்பித்தான்.

முதலில் நாயைத்தான் பார்த்தான். பிர்பா என்கிற பழுப்பு நிறப் பெட்டை. விஷக்கறி தின்றுவிடாதிருக்க மாட்டிய வாய்க்கூட்டோடு பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அவனைக் கண்டதும் எழுந்து வாலை ஆட்டியது, ஆனால் குரைக்கவில்லை. காட்டில் குரைத்தால் அடி வாங்கி வளர்ந்த நாய். அதற்குக் கீழே பாறையடியில் நிக்கந்த்ரோ மல்லாந்து கிடந்தான். இலைகளை அள்ளி மார்பு வரைக்கும் மூடிக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

"யாரு?"

"நாந்தாண்ணே, பார்தோ."

நிக்கந்த்ரோ தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான்.

"இந்த எடம் உனக்கு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். எங்க அடிபட்டுச்சு?"

"போன வருஷம் அந்தப் பெரிய மரத்தடியில குழியத் தோண்டி மூடாமப் போட்டது நீதானா?"

"நான் இல்லண்ணே! நான் மூடிட்டுத்தான் போனேன்."

"அப்ப வந்திருக்கே." நிக்கந்த்ரோ சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது. "திருட்டு நாயே."

பாறையில் கால் சறுக்கி இடுப்பில் விழுந்திருக்கிறான். வலது கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொட்டதும் பல்லைக் கடித்தான். பார்தோ தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போட்டான். போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை.

"கத்திக் கத்திக் கூப்பிட்டோமே. காதுல விழலயா?"

"விழுந்துச்சு."

"பின்ன ஏன்யா பதில் சொல்லல?"

"பதில் சொன்னா ஊரே இங்க வந்துரும்ல."

பார்தோவுக்கு அவனை அறையலாம் போலிருந்தது. "ராத்திரி பூரா கெடந்தும் புத்தி வரலயா? இரு. குவாரி மேட்டுக்கு ஓடிப் போன் பண்றேன். ஹெலிகாப்டர் அனுப்புவான்."

"ஹெலிகாப்டரா? இந்த எடத்துக்கு நேர் மேல நின்னு சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் காட்டிக் குடுக்கவா?" அவன் பார்தோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கை ஐஸ் மாதிரி இருந்தது, ஆனால் பிடியில் பலம் இருந்தது. "நாப்பது பேரு வருவான். என் இடுப்பயா பாப்பான்? தரையத்தான் பாப்பான். நாளைக்குக் காலையில இங்க ஒரு வேர் மிஞ்சாது."

"உசுரவிடவா எடம் பெருசு?"

"உனக்கென்ன, சின்ன வயசு. செங்கல் சூளையில இருபத்தஞ்சு வருஷம் வெந்தேன். ஓய்வூதியத்துக்குன்னு மாசாமாசம் சம்பளத்துல புடிச்சான் மொதலாளி. ஒரு காசு கட்டல. சூளையும் போச்சு, அவனும் போய்ச் சேந்துட்டான். நான் யார்ட்டப் போயிக் கேக்க? எம் பொண்டாட்டி அசுந்தாவுக்கு இந்தப் பள்ளத்த விட்டா வேற என்ன இருக்கு சொல்லு." மூச்சு வாங்கினான். "என்ன ஆத்தோரம் கொண்டு போ. வில்லோ மரத்தடியில போடு. அங்கேருந்து கூப்பிடு. அங்கதான் விழுந்தேன்னு நானும் சொல்றேன், நீயும் சொல்லு."

"இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்குண்ணே. அசைக்கக் கூடாதும்பாங்க."

"நான் சாக்கு மூட்டையவிட லேசுதான்டா. இழு." பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பாதி உனக்கு. பாதி அவளுக்கு. நீ தோண்டு."

பாதி என்ற சொல் பார்தோவின் காதில் விழுந்தது. மேட்டுக்கு ஏறிப் போன் பண்ணினால் அரைமணிக்குள் ஆள் வந்துவிடும். அவன் மேட்டைப் பார்த்தான், கீழே ஆற்றைப் பார்த்தான். அப்புறம் நிக்கந்த்ரோவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினான்.

தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. கோட்டை அடியில் விரித்து அதில் போட்டு இழுத்தான். பூட்ஸின் குதிகால் இரண்டும் கல்லில் உராய்ந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு வேரில் இடிக்கும்போதும் நிக்கந்த்ரோ உதட்டில் ரத்தம் கசியத் தன் கம்பளிச் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டான். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. சரிவில் பாதிக்கு மேல் அவன் ஏதோ மாதிரி முனகினான், நெற்றியில் வேர்வை துளிர்த்தது. நாய் பின்னாலேயே வந்தது. வழியில் ஒரு மரத்தடியில் நின்று மண்ணைக் காலால் சுரண்டியது.

"பிர்பா, வா," என்றான் நிக்கந்த்ரோ. பிறகு பார்தோவிடம், "அந்த மரத்த மனசுல வச்சுக்க," என்றான்.

வில்லோ மரத்தடியில் கிடத்தியபோது அவன் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகியிருந்தது. பார்தோ பாலத்துக்கு ஓடிப் போன் பண்ணினான். திரும்பி வந்து கோட்டை உருவி உதறி மாட்டிக்கொண்டான். ஆம்புலன்ஸோடு ஊரும் வந்தது.

ஆம்புலன்ஸில் வந்த பெண் முழங்காலிட்டு அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து கேட்டாள்: "யாராவது இவர அசைச்சீங்களா?"

"இல்ல," என்றான் பார்தோ. "இங்கயேதான் கெடந்தாரு."

"ஐயா, எங்க விழுந்தீங்க? ஞாபகம் இருக்கா?"

"இங்கதாம்மா," என்றான் நிக்கந்த்ரோ. அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. இஸேர்னியா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

அங்கே டாக்டர் தாழ்வாரத்தில் நிக்கந்த்ரோ மனைவியிடம் பேசினார். பார்தோ பக்கத்தில் நின்றான். "உடைஞ்ச எலும்பு ரத்தக் குழாயக் கிழிச்சிருக்கும்மா. ஆனா இந்தக் கிழிசல் நேத்தே இருந்திருந்தா ராத்திரியத் தாண்டியிருக்க மாட்டாரு. எனக்கே புரியல." அசுந்தா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அழவில்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்றாள்.

அடக்கத்துக்கு முன்னாலேயே ஆற்றங்கரையில் கொத்து விழ ஆரம்பித்துவிட்டது. ஊரில் இருக்கிற நாயெல்லாம் அங்கேதான். நாய் சும்மா நின்ற இடத்தில்கூட ஆள் தோண்டினான். வில்லோ மரங்களின் வேர் அறுந்து வெளியே தொங்கியது. ஒரு குழியையும் யாரும் மூடவில்லை. கிடைத்ததும் ஒன்றுமில்லை. ஆனாலும் தேவாலயத்தில் சவப்பெட்டியைத் தூக்கியவர்களின் நகத்தில் ஆற்றுமண் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் பார்தோ அசுந்தாவின் வீட்டுக்குப் போனான். அவள் சமையலறையில் ஆஸ்பத்திரி கொடுத்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து வைத்திருந்தாள். கோட்டு, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, பூட்ஸ். வீடு முழுக்க வாசனை. பூண்டும் ஈர மண்ணும் பழைய தேனும் சேர்ந்தாற்போல.

"உள்பையில இருந்துச்சு," என்று ஒரு காகிதப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள். வெள்ளை ட்ரஃபிள். முழுசாக இருந்தபோது பெரிய ஆரஞ்சுப்பழம் அளவு இருந்திருக்கும். இப்போது மூன்று துண்டு. "ஆத்தோரத்துல ஒருத்தனுக்கும் ஒண்ணும் கிடைக்கலையாமே. இது எங்கேருந்து வந்துச்சு?"

பார்தோ தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான். "வாராவாரம் நான் ஏதாச்சும் கொண்டாந்து தர்றேன், மதினி. பாதி உங்களுக்கு."

"பாதியா? எதுல பாதி?"

அசுந்தா பூட்ஸை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். செப்டம்பரில்தான் புதுசாக வாங்கியது. குதிகால் தோல் இரண்டிலும் தேய்ந்துபோய் உள்ளே இருந்த அட்டை தெரிந்தது.

"அவர் சொன்னாரா, நீயாச் செஞ்சியா?"

"அவர்தான் சொன்னாரு."

"நீ கேட்டுட்டே."

அவள் பூட்ஸை நாற்காலிக்கு அடியில் ஜோடியாக வைத்தாள். பிறகு பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளினாள். "போ. எத்தோரே இன்னிக்கு வருவான். நான் போனா பொம்பளன்னு ஏமாத்திருவான். நீ வித்துட்டு வா."

எத்தோரே வடக்கேயிருந்து வருகிற வியாபாரி. சதுக்கத்திலுள்ள ஸவேரியோவின் காப்பிக் கடையில் மூலை மேசைதான் அவனுக்கு ஆபீஸ். தராசு, ஐஸ் பெட்டி, வெள்ளைத் துணி. இந்த மலையில் தோண்டுவதெல்லாம் அவன் பெட்டியில் ஏறினால் வடக்கத்திப் பெயர் வாங்கிக்கொள்ளும். அங்கே கண்ணாடிக் குடுவைக்கு அடியில் உட்காரும். ஹாங்காங்குக்கும் துபாய்க்கும் விமானம் ஏறும். சுவரோரம் ஆற்றங்கரைச் சேற்றுப் பூட்ஸோடு ஏழெட்டுப் பேர் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். பார்தோ பொட்டலத்தைப் பிரித்ததும் பேச்சு நின்றது.

எத்தோரே துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தான். குனிந்து முகர்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆண்டவரே. எப்பேர்ப்பட்ட பொருள். நிக்கந்த்ரோவோடதா?"

"ஆமா."

"நல்ல மனுஷன்." சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். "முழுசா இருந்திருந்தா நானே நேர்ல கொண்டுபோயி ஏலத்துல வச்சிருப்பேன். உடைஞ்சிருச்சேப்பா. உடைஞ்சத யாரு வாங்குவா? சாஸுக்கு அரைக்கிறவன்தான் வாங்குவான்."

"வாசனை அதேதான மொதலாளி?"

"வாசனைக்கா காசு குடுக்குறான்? கண்ணுக்குத்தான் குடுக்குறான்." நான்கு நோட்டை எடுத்து மேசையில் வைத்தான். ஒரு கணம் யோசித்து, இன்னொன்றை மேலே வைத்தான். "இது அந்தம்மாவுக்காக."

பார்தோ எடுத்துக்கொண்டான். எடுக்காமல் எங்கே போவது? நாளைக்கு வாசனை பாதியாகிவிடும்.

"ஸவேரியோ!" என்றான் எத்தோரே. "வெண்ணெயில ரெண்டு முட்டை. மஞ்சக்கரு உடையாம." பார்தோவை உட்காரச் சொன்னான். "காலங்காலமாத் தோண்டுறீங்க. ஒருத்தனும் தின்னு பாத்ததில்லயாமே. இன்னிக்கு எங்கூடச் சாப்புடு. அவர் நெனப்புல."

முட்டை வந்தது. எத்தோரே பைக்குள்ளிருந்து சீவுகட்டையை எடுத்தான். இருப்பதில் பெரிய துண்டை எடுத்துச் சீவத் தொடங்கினான். காகிதம் போல மெல்லிய வில்லைகள் சூடான முட்டைமேல் விழுந்து சுருண்டன. வாசனை கடை முழுக்க எழும்பியது. சுவரோரம் இருந்தவர்கள் மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

பாதி சீவியதும் கை நின்றது. துண்டின் வெடிப்பில் ஏதோ சிக்கியிருந்தது. எத்தோரே அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சாம்பல் நிறக் கம்பளி நூல், ஒரு விரல் நீளம், நுனியில் ரத்தம் கறுப்பாகக் காய்ந்திருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தான். கீழே உதறினான். விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி சீவ ஆரம்பித்தான்.

"ரொட்டி கொண்டா, ஸவேரியோ," என்றான். "சூடு ஆறுது."