பெயர் கேட்காத படிவம்

பள்ளி விட்டு, பிள்ளைகள் படியிறங்கிப் போன இரைச்சல் அடங்கிய பிறகுதான் அவள் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். அந்த வாரத்துப் பதில்கள் வந்திருந்தன. ஆறாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். திரையில் இருபத்தெட்டு வரிகள். 'இந்த வாரம் உனக்குப் புரியாதது என்ன?' என்ற ஒரே கேள்விக்குப் பாதிப் பேர் 'எல்லாம் புரிஞ்சுது மிஸ்' என்று கூசாமல் எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை, 'மத்தியானத்துக்கு மேல ஏன் தூக்கம் வருது?' என்று கேட்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே வரிகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பத்தொன்பதாவது வரியில் விரல் நின்றுவிட்டது.

'முள் வச்ச கடிகாரத்துல எனக்கு மணி பாக்கத் தெரியாது. ஆறாவது வந்துட்டேன். இனிமே யார்கிட்ட கேக்கறது?'

அவளுக்கு நெஞ்சு இளகிப் போயிற்று. வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை தினமும் சுவர்க்கடிகாரத்தை மற்றவர்களைப் போலவே நிமிர்ந்து பார்த்து, தெரிந்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பிள்ளை? தெரியாது. தெரியக் கூடாது என்பதுதானே பேச்சு.

தன் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, முப்பத்து நான்கு வயதில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தவள் அவள். பாடம் நடத்தப் பயமில்லை. தொட்டால் திரை போல இயங்கும் தொடுபலகையைக் கண்டால்தான் பயம். கல்லூரியில் முதல் வாரமே, பேராசிரியர் ஏதோ தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பலகை அழுக்காக இருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் டஸ்டரை எடுத்து அழுத்தித் துடைத்துவிட்டாள். அவர் தயார் செய்து வைத்திருந்த நாற்பது பக்கமும் சிட்டாய்ப் பறந்து கடைசியில் போய் நின்றன. அறையே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காதவள் ஒருத்திதான். இருபத்திரண்டு வயசுக்காரி, விரல் திரையில் படுவதற்குள் வேலை முடிந்திருக்கும் என்பதால் எல்லாரும் அவளை மின்னல் என்று கூப்பிட்டார்கள். அவள் பக்கத்தில் வந்து, "அக்கா, அது பலகை இல்லக்கா, தொட்டாச்சிணுங்கி. நான் சொல்லித் தரேன் வாங்க" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். கடவுச்சொல் மறந்தால் முகம் சுளிக்காமல் மறுபடி போட்டுத் தந்தாள். ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில் இருவருக்கும் பயிற்சி கிடைத்தபோது, ஆண்டவன் தனக்குத் துணைக்கு ஆள் அனுப்பியிருக்கிறான் என்றே அவள் நம்பினாள்.

பிள்ளைகள் பதில் எழுதும் அந்தப் படிவத்தைச் செய்து தந்தவளும் மின்னல்தான். கேட்டது இவள். "கையத் தூக்கிக் கேக்க வெக்கப்படுற பசங்க எழுதட்டும்மா. ஆனா பேரு வரக் கூடாது."

"வராதுக்கா. யார் எழுதுனதுன்னு கடவுளுக்கு மட்டுந்தான் தெரியும்."

அந்த வாக்கை அப்படியே கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். ஆளுக்கொரு டேப் கணினி கையில் இருக்க, எல்லா முகமும் அவளைப் பார்த்தன. "யார் எழுதுனதுன்னு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. தைரியமா எழுதுங்க."

வகுப்பில் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய பெண் எழுந்தாள். "சத்தியமா மிஸ்?"

அவள் சத்தியம் செய்கிற ஆள் இல்லை. ஆண்டவன் பேரைச் சில்லறையாகச் செலவழிக்கக் கூடாது என்று நினைப்பவள். ஆனாலும் அன்று, "சத்தியமா" என்றாள்.

கடிகாரத்தைப் பற்றிய பதில் வந்த அடுத்த திங்கட்கிழமை, அட்டையில் கடிகாரம் வெட்டிக்கொண்டு போனாள். தினமும் பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம். "ஆறாவதுக்கு இதெல்லாமா மிஸ்?" என்றாள் ரேடியோ. "எனக்கே சில நாள் தடுமாறுதும்மா. சேர்ந்தே பாப்போம்" என்றாள் இவள். இரண்டு வாரம் கழித்து ஒரு வரி வந்தது: 'நேத்து அஞ்சே காலுன்னு நானே சொன்னேன். சரியா இருந்துது மிஸ்.' அதை மூன்று முறை படித்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாய்க்குள்ளேயே நன்றி சொல்லிக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த வாரம், இன்னொன்று. 'சத்தமா படிக்கச் சொன்னா குரல் நடுங்குது. அதான் வயித்துவலின்னு பொய் சொல்லிட்டு வெளிய போறேன். மன்னிச்சிடுங்க மிஸ்.' மறுநாளிலிருந்து எல்லாரையும் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து வாசிக்கச் சொன்னாள். தூண் ஓரமாக உட்கார்ந்து தூணைப் போலவே பேசாமல் இருக்கும் ஒரு சிறுமி உண்டு. தூணு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவள் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். நூல் மாதிரி மெல்லிய குரல். பக்கத்துச் சிறுமியின் குரலைப் பிடித்துக்கொண்டே ஒரு பக்கம் முழுக்க நடந்து வந்துவிட்டது. எழுதியது இந்தச் சிறுமியாக இருக்குமோ என்று மனம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. யாரென்று தேடுவதில்லை என்பதை அவள் ஒரு விரதம் போல வைத்திருந்தாள். அந்த நினைப்பை அப்படியே விழுங்கிவிட்டாள்.

ஒரு நாள் மட்டும் ஒன்று கண்ணில் பட்டது. பதில்கள் வரும் அட்டவணையின் பத்தித் தலைப்புகளில் ஏ, அதை அடுத்து நேராக சி. நடுவில் பி-யைக் காணோம். அந்த இடத்தில் மயிரிழை போல ஓர் இரட்டைக் கோடு. கேட்கலாம் என்று திரும்பினாள். ஆசிரியர் அறையில் வேறு மூன்று பயிற்சிக்காரர்கள் இருந்தார்கள். டஸ்டர் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. கணினிக்கு இப்படி ஒரு வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

மதிப்பீட்டு நாள் வந்தது. பயிற்சிக்காரர்கள் பாடத்துக்காகத் தாங்கள் செய்த கருவியைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டே இயக்கிக் காட்ட வேண்டும் என்பது கல்லூரியின் விதி. பேராசிரியர் கடைசி வரிசையில், பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். இவளுடைய பாடம் நன்றாகவே போயிற்று. கடைசிப் பத்து நிமிடம் மின்னலுடையது. பிள்ளைகளின் பதில்களையெல்லாம் வண்ணக் கட்டங்களாக்கித் தொடுபலகையில் காட்டினாள். எத்தனை பேருக்கு எது புரியவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. இவளுக்கே பெருமையாக இருந்தது.

பேராசிரியர் பேனாவை ஆட்டினார். "நல்லா இருக்கும்மா. ஆனா இன்னாருக்குன்னு தெரியாம இத வச்சு என்ன பண்றது? பேரில்லாத மருந்துச்சீட்டு மாதிரியில்ல இருக்கு."

மின்னல் ஒரு கணம் தயங்கினாள். அக்காவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அட்டவணையைத் திறந்து, அந்த மயிரிழைக் கோட்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

பி திறந்துகொண்டது. இருபத்தெட்டுப் பெயர்களும் வரிசை எண்ணோடு உள்ளே இருந்தன. பிள்ளைகள் அவரவர் எண்ணைப் போட்டுத்தான் டேப்பைத் திறக்கிறார்கள். படிவம் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறது. இன்னொரு தட்டில் பெயர்வாரியாக வரிசையும் மாறியது. வாராவாரம் எழுதிய பதில்கள் ஒரே பெயருக்கு எதிரே ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. "பதினேழாம் எண் மாணவி சார். கடிகாரம், வாசிப்பு, அப்புறம் வகுப்பை விட்டு வெளிய போற பழக்கம். இப்படித்தான் பின்தங்குனவங்கள அடையாளம் காணுறோம்."

"அருமை" என்று எழுதிக்கொண்டார் அவர்.

பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ரேடியோ சத்தமாகவே படித்தாள். "ஏய், வயித்துவலி பொய்யாடி?" முன்வரிசை திரும்பிப் பார்த்தது. "தூணு, மணி என்ன சொல்லு பாப்போம்!" என்றது இன்னொரு குரல். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. தூணுவின் கை பாதிவரை எழுந்தது. வெளியே போக அனுமதி கேட்கிற கை. பாதியிலேயே நின்று, மெல்லக் கீழே இறங்கிவிட்டது. அந்தச் சாக்கும் இப்போது பலகையில் இருந்தது.

அவள் ஓடிப்போய்ப் பலகையை அணைக்கப் பார்த்தாள். எங்கே தொட்டால் அணையும் என்று தெரியவில்லை. தொட்ட இடமெல்லாம் எழுத்து பெரிதாயிற்று. கடைசியில் பலகைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள். மேலேயிருந்து விழுந்த வெளிச்சத்தில் பெயர்கள் அவள் தோளிலும் முகத்திலும் ஊர்ந்தன. கண் கூசியபடி தூணுவைப் பார்த்தாள். தூணுவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். 'நீங்களுமா?' என்றுகூட அது கேட்கவில்லை. எப்படியும் இப்படித்தான் ஆகும் என்று நினைத்தது சரியாகிவிட்டது என்பதுபோல் இருந்தது.

வராந்தாவில் மின்னலைப் பிடித்து நிறுத்தினாள். "வராதுன்னு சொன்னியேம்மா."

"மறைச்சுத்தானேக்கா வச்சிருந்தேன். இவ்ளோ நாள் உங்க கண்ணுல பட்டுச்சா?"

"பசங்ககிட்ட சத்தியம் பண்ணேன்டீ."

"என் ப்ராஜெக்டே பின்தங்குன பசங்களக் கண்டுபிடிக்கிறதுதான். பேரில்லாம எப்படி? முன்னாடியே சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல." மின்னலின் குரல் தணிந்தது. "சார் கேப்பாருன்னு நான் என்னத்தக் கண்டேன்? உங்களுக்கும் சேர்த்துத்தான்க்கா நல்ல மார்க் விழுந்திருக்கு. பசங்க திங்கக்கிழமைக்குள்ள மறந்துடுவாங்க." பிறகு இவள் கண்ணைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

அதுதான் இவளுக்குத் தாளவில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்த வேலி கைக்குட்டையும் நீட்டுகிறது. கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கைக்குட்டையை வாங்காமல் நடந்தாள்.

மறுநாள் வீட்டுக்காரர் மேசைமேல் மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "அந்தப் பொண்ணு பண்ணது தப்புதான். சரி, அந்தக் குழந்தைகிட்ட நீ என்ன சொல்லப் போற?"

"நான் என்ன பண்ணேன்? என்னையும்தானே ஏமாத்திட்டா?"

அவர் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்குக் காணாமற்போன பி நினைவுக்கு வந்தது. பார்த்தாள். கேட்க வாயெடுத்தாள். சிரிப்பார்களே என்று மூடிக்கொண்டாள். பதினோரு வயதுப் பெண்ணாவது தனக்குத் தெரியாது என்பதை எழுதிக் கொடுத்தது. முப்பத்து நான்கு வயதில் தான் அதைக்கூடச் செய்யவில்லை. அன்று பிரார்த்தனையில் மின்னலைப் பற்றி முறையிட உட்கார்ந்தவள், முறையிடாமலே எழுந்தாள்.

திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள். "இந்த அட்டவணைய அடியோட அழிக்கணும். எனக்குத் தெரியாது. யாராவது சொல்லிக் குடுங்க." ஒருவன் வாய்க்குள் சிரித்தான்; சிரித்தவனே எழுந்து வந்து காட்டியும் கொடுத்தான். மூன்று தட்டுதான். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. மூலையிலிருந்து மின்னல், தலை நிமிராமல், "என் ரிப்போர்ட்ல ஒரு காப்பி போயிடுச்சுக்கா. அத ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். அதைச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே என்று இவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் முகம் பார்க்க முடியவில்லை.

வகுப்பில் வழக்கம்போல டேப்களைக் கொடுத்தார்கள். தூணு வந்திருந்தாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் தூணுக்குப் பின்னால் நகர்த்திப் போட்டிருந்தாள். ஒரு தோளும் பாதிப் பின்னலும்தான் தெரிந்தன.

"உங்ககிட்ட சத்தியம் பண்ணேன். அது பொய்யாப் போச்சு" என்று தொடங்கினாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள். "பேரு உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு நாள் ஏதோ சரியில்லன்னு பாத்தேன். யாரையாவது கேட்டா சிரிப்பாங்கன்னு பயந்து கேக்கல. பெரியவ நான், பயந்துட்டேன். அதுக்கு உங்கள்ல ஒருத்தர் கஷ்டப்பட வேண்டியதாப் போச்சு. மன்னிச்சிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிவம் இன்னிக்கும் வந்திருக்கு. பேரு பதிவாகாதுன்னு இனிமே என்னால சத்தியம் பண்ண முடியாது. எழுத இஷ்டமில்லன்னா டேப்ப மேசையில வச்சுடுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

பிறகு தூணுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. அந்தச் சிறுமி வந்து, டேப்பை மேசைமேல் முகம் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் முன்வரிசை மொத்தமும். காலடிச் சத்தமும் டேப்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் சத்தமும் கேட்டன. ரேடியோ தன்னுடையதைக் கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்று, ஓரமாக வைத்தாள். அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

தூணு தன் இடத்திலிருந்து அதைப் பார்த்தாள். எழுந்து வந்தாள். இவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் அடுக்கை அணைத்து, விழாதபடி நேராக்கிவிட்டு, போய் உட்கார்ந்துகொண்டாள். கவிழ்த்து வைத்த டேப்களின் இடுக்குகளில் வெளிச்சம் மெல்லிய கோடுகளாகக் கசிந்துகொண்டிருந்தது. இவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடுகள் அடியிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்து வந்தன.