மேலே ஆள் இருக்கு

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் ‘படிக்கட்டு’. நான்கு வருடமாக ஆறாவது மாடி ஆய்வகத்துக்கு ஒருநாள்கூட லிஃப்டில் ஏறாதவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? உடம்பைக் குறைக்கிறாள் என்றார்கள் சிலர். மூடிய பெட்டி என்றால் பயம் என்றார்கள் சிலர். அவளும் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டாள். அந்தப் படிக்கட்டுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை கிடைத்தபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

கிடைத்தது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, மென்பொருள் எழுதும் அலுவலகம். சம்பளம் கூடுதல், இருப்பதோ தரைத்தளம். இன்னொன்று லிஃப்ட் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு. ஒருவருக்கு ஒரு வேலைதான் என்பது கல்லூரியின் சட்டம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் எது என்று சொல்லிவிட வேண்டும். வேலைவாய்ப்பு அதிகாரி அந்த விஷயத்தில் படு கறார்.

“இதுல யோசிக்க என்னடி இருக்கு?” என்றாள் அம்மா. “லிஃப்ட் பேச்சையே இந்த வீட்ல எடுக்காத. உங்கப்பாவ முழுங்கினது போதாதா? அதுவும் அந்தப் பாவி இருக்கிற கம்பெனி!”

அந்தப் பாவி என்றது அப்பாவோடு வேலை பார்த்த கூட்டாளியை. பெயரைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்பதுபோல, பதிமூன்று வருடமாக அம்மா அவரை அப்படித்தான் சொல்கிறாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை பார்க்கும் முன், தரைத்தளத்தில் சுவிட்சை அணைத்து, அதன் பக்கத்து ஆணியில் தன் படம் ஒட்டிய சிவப்பு அட்டையை மாட்டுவார். அட்டை தொங்கினால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மாட்டிய கைதான் அதைக் கழற்ற வேண்டும். அப்போதெல்லாம் பூட்டு கிடையாது, அந்த அட்டைதான் எல்லாம். பதிமூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், அப்பா மேலே இருக்கும்போதே கூட்டாளி சுவிட்சைப் போட்டுவிட்டார். அப்பா பிழைக்கவில்லை. அட்டை அங்கே இல்லவே இல்லை என்று கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தபோது அட்டை ஆணியில் தொங்கியது. அதற்குப் பிறகு அவர் பேச்சை யார் நம்புவார்கள்?

அவர் சொன்னதுதான் நிஜம். அது தெரிந்த ஒரே ஆள் நம் படிக்கட்டு.

அன்றைக்குப் பள்ளி அரை நாள். எட்டு வயது. அப்பாவோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று அந்தக் கட்டடத்துக்கு ஓடினாள். யாரும் இல்லை, சத்தமும் இல்லை, அட்டை மட்டும் தொங்கியது. அதற்கு முந்தின வாரம்தான் அப்பா அட்டையை எங்கேயோ மறந்து வைத்துவிட்டு, கம்பெனியில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறித் திரும்பப் போய் எடுத்து வந்திருந்தார். வேலை முடிந்து டீ குடிக்கப் போனவர் மறுபடியும் மறந்துவிட்டார் என்று நினைத்தாள். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அந்த அட்டையைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. மெக்கானிக் வீட்டுப் பிள்ளைக்கு அதன் அருமை தெரியும். கழற்றிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினாள். அப்பா அங்கே இல்லை. திரும்பி வந்தபோது கூட்டம் கூடியிருந்தது. யாரோ அப்பா பெயரைச் சொல்லி அலறினார்கள். அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். எட்டி அட்டையை ஆணியில் மாட்டினாள். இடுப்பு உயரத்தில் நடமாடும் பிள்ளையை அந்த நேரத்தில் யார் கவனித்தார்கள்?

அன்றிலிருந்து எந்த லிஃப்டில் கால் வைத்தாலும் தலைக்கு மேலே குரல் கேட்கும். “மேல ஆள் இருக்கு!” கூண்டின் மேலிருந்து அப்பா வழக்கமாகக் கொடுக்கும் குரல். கோபமாகக் கூட இருக்காது. வேலை மும்முரத்தில் சொல்வது மாதிரி, சாதாரணமாக இருக்கும். அதுதான் அவளுக்குத் தாங்காது. படியேறுவதற்குக் காரணம் அதுதான்.

லிஃப்ட் கம்பெனி ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வந்தபோது, கடைசி வருடத்தார் எல்லாரும் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றார்கள், உட்கார்ந்தாள். மேடையேறிய பயிற்சியாளரைப் பார்த்ததும் முன்வரிசைக்காரியின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். அந்தக் கூட்டாளிதான். இரண்டு வருடம் வேலையை விட்டு நிறுத்தி வைத்து, பிறகு புது ஆட்களுக்குப் பாடம் எடுக்க அவரைத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். அவரைவிடப் பொருத்தமான பாடம் எங்கே கிடைக்கும்?

“நான் ஒரு ஆளக் கொன்னவன்,” என்று தொடங்கினார். “அட்டை கண்ணு முன்னாடி தொங்கிச்சு. நான் பாக்கல. ரொம்ப நாளா, அட்டை இல்ல, இல்லன்னு சாதிச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, என் கண்ணு என்னை ஏமாத்திருக்கு. நீங்க யாரும் உங்க கண்ண நம்பாதீங்க. கையால தொட்டுப் பாருங்க.”

கூட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். “நீ அவர் பொண்ணுதானே? அதே நெத்தி,” என்றார். ஒரு வாரத்தில் வேலை உத்தரவு வந்துவிட்டது. யார் சொல்லி வந்தது என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்? செய்யாத தப்புக்கு அவர் தேடிய பரிகாரம் அது. அந்தக் கடிதத்தைத் தொட்டபோதெல்லாம் அவளுக்குக் கை கூசியது.

மென்பொருள் வேலைக்குப் போனால் அவர் முகத்தில் விழிக்க வேண்டாம். அவர் பாட்டுக்கு வருடா வருடம் மேடையேறி, கொன்னவன் கொன்னவன் என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போவார். அதற்கு ஒப்புக்கொண்டுதான் வியாழக்கிழமை படுத்தாள். வெள்ளிக்கிழமை காலை அவள் கால்கள் போனது கம்பெனியின் பயிற்சிக் கூடத்துக்கு.

நீளமான தகரக் கூடம். நடுவில் சுவரில்லாத லிஃப்ட் கூண்டு ஒன்று, இரும்புச் சட்டத்தில் எலும்புக்கூடாக நின்றது. அவர் மட்டும் மேசை முன்னால் உட்கார்ந்து வகுப்புக்கான படம் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா! வேலைல சேரத்தானே?” முகமெல்லாம் மலர்ந்தது.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே, மூச்சு விடாமல், பள்ளி அரை நாளிலிருந்து ஆணி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கத்துவார், அடிக்கக்கூட அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். சின்னப் பிள்ளைதானே, உனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட மாட்டாரா என்றும் ஒரு நப்பாசை.

அவர் இரண்டையும் செய்யவில்லை.

“நான் பாத்தப்ப ஆணில இல்லதானே?” என்று கேட்டார்.

“இல்ல.”

“இன்னொரு தடவ சொல்லு.”

“இல்ல சார். நான் எடுத்துட்டுப் போயிட்டேன். நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க.”

அவர் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தார். “பதிமூணு வருஷமா எங்க வீட்ல ஒரு லைட்டுகூட நான் போட்டதில்ல. என் வீட்டுக்காரிதான் போடுவா. அவ வெளிய போயிட்டா இருட்டுலயே உக்காந்திருப்பேன்,” என்றார். பிறகு அவசரமாக எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “எங்க வீடு பக்கத்துலதான். நீ வந்து அவகிட்ட ஒரு வார்த்த சொல்லு. நான் சொன்னா மனசத் தேத்திக்கச் சொல்றேன்னு நினைப்பா.”

அவளுடைய அழுகையை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. திட்டியிருந்தால், வாங்கிக்கொண்டு, கணக்கு முடிந்தது என்று மென்பொருள் அலுவலகத்துக்கே அவள் போயிருப்பாள். மன்னித்திருந்தாலும் போயிருப்பாள். அவரோ அவளைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசலைத் தாண்டும்போது போன் அடித்தது. வேலைவாய்ப்பு அதிகாரி.

“மணி பன்னெண்டாகப் போகுது. எதும்மா?”

“லிஃப்ட் கம்பெனி சார்.”

“அதுவா? உங்கம்மா நேத்து போன் பண்ணி, அது வேண்டவே வேண்டாம், அங்க ஒரு கொலைகாரன் இருக்கான்னாங்களே. அவங்ககிட்ட பேசிட்டியா?”

முன்னால் அவர் செருப்பை மாற்றி மாட்டியிருப்பதுகூடத் தெரியாமல் வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்.

“இல்ல சார்,” என்றாள். “அது யாருன்னு அம்மாகிட்ட இனிமேதான் சொல்லணும்.”